கதை சொல்லும் பெண்ணுக்கு உயிர் வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தன் கதையைத் தானே சொல்வதாக ஓர் இளையோர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஐம்பது பக்கம் தாண்டிவிட்டது. சம்பவங்கள் இருக்கின்றன, ஊர் இருக்கிறது. படித்துப் பார்த்தவர்கள் "நல்லா இருக்கு" என்கிறார்கள். ஆனால் ஒருவர்கூட "அப்புறம் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

இளையோர் பிரதிகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான கோளாறுகளைத்தான் பார்க்கிறேன். பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை, நாவலை முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. உங்கள் பிரதியில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

உதாரணம் காட்ட எனக்கு ஒருத்தி தேவை. மாரீஸ்வரி என்று வைத்துக்கொள்வோம், சுருக்கமாக மாரி. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பிளஸ் ஒன் படிக்கிறாள். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறாள். வீட்டில் ஒரே ஒரு செல்போன், அதுவும் அண்ணன் கையில்.

எதையும் தொடுவதற்கு முன்: அவள் யாரிடம் சொல்கிறாள்?

"வாசகரிடம்" என்று சொல்லிவிடாதீர்கள். வாசகர் என்பது முகம் இல்லாத கூட்டம். கூட்டத்தைப் பார்த்துப் பேசினால் யாருக்குமே மேடைக் குரல்தான் வரும். மாரி தன் கதையை யார் காதில் போடுகிறாள்? தோழிக்கா, ஊரைவிட்டுப் போன அக்காவுக்கா, இறந்துபோன அப்பாவுக்கா?

நம் மொழியில் இது மிகப் பழைய பாடம். அகப்பாடல்களின் அடியில் ஒரு குறிப்பு இருக்கும்: இது தலைவி தோழிக்குச் சொன்னது, இது தோழி தலைவனுக்குச் சொன்னது என்று. யார் சொல்கிறார், யாரிடம், எந்த நிலைமையில் என்ற மூன்றும் தெரிந்தால்தான் பாட்டு திறக்கும். குறுந்தொகையின் 25-ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கபிலர் எழுதியது, ஐந்தே அடி. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான் தலைவன். தலைவி தோழியிடம் பேசுகிறாள். நாங்கள் சேர்ந்த அன்று எங்களுக்குச் சாட்சி யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். இதையே அவள் அம்மாவிடம் சொல்ல முடியாது. தோழி என்பதால்தான் அந்தப் பயம் அத்தனை நேராக வெளியே வருகிறது. ஆண்கள் எழுதினால் பெண் குரல் வராது என்று சொல்பவர்களிடம் நான் இந்தப் பாட்டைத்தான் நீட்டுவேன்.

இன்னொரு உண்மைக் கதையும் இதையே காட்டுகிறது. ஆன் ஃபிராங்குக்கு நாட்குறிப்பு கிடைத்தது 1942 ஜூன் 12-ஆம் தேதி, அவளுடைய பதின்மூன்றாவது பிறந்தநாளில். தொடக்கத்தில் கற்பனைத் தோழிகள் பலருக்குக் கடிதம் போல எழுதினாள். 1944 மார்ச்சில், போர் முடிந்ததும் மக்களுடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் சேகரிக்கப் போவதாக நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் லண்டனிலிருந்து வானொலியில் பேசியதைக் கேட்டாள். அந்த மே மாதம் தன் நாட்குறிப்பைத் தானே திருத்தி எழுதத் தொடங்கினாள். அப்படித் திருத்தும்போது எல்லாவற்றையும் ஒரே ஒருத்திக்கு, கிட்டிக்கு, எழுதுவதாக மாற்றினாள். இவ்வளவு இயல்பாக இருக்கிறதே என்று நாம் வியக்கும் குரல், பதினான்கு வயதுப் பெண் உட்கார்ந்து திருத்திய குரல். கேட்பவரைத் தேர்ந்தெடுத்தது அந்தத் திருத்தத்தின் பெரிய வேலை.

மாரி அம்மாவின் சம்பளத்திலிருந்து 200 ரூபாய் எடுத்துவிட்டாள் என்று வையுங்கள். தோழியிடம் சொன்னால்:

"இருநூறுதான் எடுத்தேன். அம்மா எண்ணிக்கூடப் பார்க்கமாட்டா என்று நினைத்தேன்."

பிற்பாடு அம்மாவிடமே சொல்வதாக இருந்தால்:

"அன்றைக்கு நீ மூன்று தடவை எண்ணினாய். நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்."

எடுத்த காசு ஒன்றுதான், ஆனால் கேட்கும் ஆள் மாறியதும் அவள் எதை முதலில் சொல்கிறாள் என்பதே மாறிவிட்டது. கேட்பவர் பெயர் நாவலில் வர வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் மேஜையில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருந்தால் போதும். கீழே வரும் கோளாறுகளில் பாதி இதிலேயே சரியாகிவிடும்.

அறிகுறி: "பொண்ணு டீச்சர் மாதிரி பேசுது"

என் சொந்தப் பிரதி ஒன்றைப் படித்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொன்ன வார்த்தை இது. அவள் சொன்னது சரி. என் கதாநாயகி பக்கத்துக்குப் பக்கம் எதையாவது உணர்ந்துகொண்டே இருந்தாள்.

சோதனை எளிது. கோப்பைத் திறந்து "உணர்ந்தேன்", "புரிந்துகொண்டேன்", "என்பதை அறிந்தேன்" ஆகியவற்றைத் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இருக்கும் வாக்கியத்தைப் பாருங்கள். "வறுமை உறவுகளையும் சிதைத்துவிடும் என்பதை அன்று உணர்ந்தேன்" என்று இருந்தால் அது உங்கள் குரல். நாற்பது வயதில் நீங்கள் கண்டுபிடித்ததை அவள் வாயில் வைத்திருக்கிறீர்கள். வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அதற்கு முந்தின காட்சி தன் காலில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வேலை முடிந்தது. நிற்கவில்லை என்றால் காட்சிதான் பலவீனம், அதைத்தான் எழுத வேண்டும்.

உவமைகளையும் ஒரு தடவை சலித்துவிடுங்கள். மாரி கடலைப் பார்த்திருக்கிறாளா? பார்க்காதவள் மனம் அலைபாய்ந்தது என்று சொல்லலாம், அது வழக்குச் சொல். ஆனால் நங்கூரம் அறுந்த கப்பலைப் பற்றி அவள் பேசமாட்டாள். கந்தக வாடை, ஈரமான தீக்குச்சி, கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொள்வது, அம்மாவின் விரல் நுனியில் கழுவினாலும் போகாத பசை: இவையெல்லாம் அவளிடம் இருக்கும்போது கப்பல் எதற்கு?

வேறொரு நிலைமையும் உண்டு. முப்பது வயதுப் பெண் தன் பதினாறு வயதைத் திரும்பிப் பார்த்துச் சொல்கிறாள் என்றால் உணர்ந்தது, புரிந்தது எல்லாம் வரலாம். அது வேறு நாவல். "அப்போது எனக்குத் தெரியாது" என்று ஒரு இடத்தில் எழுதிவிட்டால் நீங்கள் அந்த நாவலுக்குள் போய்விட்டீர்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

அறிகுறி: மொழி சரியாக இருக்கிறது, ஆனால் சப்பென்று இருக்கிறது

இலக்கணப் பிழை இல்லை, உவமையும் ஒழுங்கு, இருந்தும் ஆள் தெரியவில்லை. தமிழில் இதற்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது, பலர் எடுப்பதே இல்லை: துணைவினை.

பஸ் வந்தது.
பஸ் வந்து சேர்ந்தது.
பஸ் வந்துவிட்டது.
பஸ் வந்து தொலைத்தது.

முதல் வாக்கியத்தில் ஆள் இல்லை. இரண்டாவதில் காத்திருந்த அலுப்பு. மூன்றாவதில் பஸ் எப்போது வருமோ என்ற எதிர்பார்ப்பு, அல்லது இன்னும் கிளம்பத் தயாராகவில்லையே என்ற பதற்றம். நான்காவதில் தோழியோடு நின்று பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் அறுந்துபோன எரிச்சல். தனியாக "எனக்கு எரிச்சலாக இருந்தது" என்று எழுத வேண்டியதே இல்லை. உங்கள் முதல் அத்தியாயத்தை எடுத்து, வினைமுற்றுகளை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். எல்லாம் "வந்தது, போனது, சொன்னாள், பார்த்தேன்" என்று இருந்தால் சாரம் எங்கே போனது என்று தெரிந்துவிடும். பக்கத்துக்கு மூன்று, நான்கு இடத்தில் மாற்றினால் போதும். எல்லா இடத்திலும் மாற்றினால் அவள் எதற்கெடுத்தாலும் சிணுங்குகிறவள் ஆகிவிடுவாள்.

"நான்" என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். "போனேன்" என்றாலே போனது யார் என்று தெரிகிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் "நான்" வருவது ஆங்கில நாவல்களை நிறையப் படித்த கையின் பழக்கம். அழுத்தம் வேண்டிய இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "நான் எடுக்கவில்லை" என்று அவள் சொல்லும்போது வேறு யாரோ எடுத்தார்கள் என்பது தொனிக்க வேண்டும்.

அறிகுறி: அவளுக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறாள்

மாரி பள்ளியில் இருக்கும்போது வீட்டில் நடந்த சண்டையை, பக்கத்தில் நின்று பார்த்தவள் போல விவரிக்கிறாள். இதற்கு இரண்டெழுத்து மருந்து போதும்: வினையின் கடைசியில் ஒட்டும் "ஆம்".

"அம்மா ஒரு வார்த்தை பேசவில்லையாம். அண்ணன்தான் தட்டைத் தூக்கி எறிந்தானாம். மதினி சொன்னாள்."

கேள்விப்பட்டது என்பது தெரிந்துவிட்டது. சொன்ன ஆளை நம்பலாமா என்ற சந்தேகமும் கூடவே வந்துவிட்டது. அண்ணன் மனைவியான மதினி தன் பக்கத்துக்குச் சாதகமாகத்தானே சொல்லியிருப்பாள்? இப்போது வாசகரும் மாரியும் சேர்ந்து யோசிக்கிறார்கள். இந்த "ஆம்" எவ்வளவு பெரிய கொடை என்பது மற்ற மொழிக் கதைகளை மொழிபெயர்க்க உட்காரும்போது தெரியும்.

அறிகுறி: ரொம்ப நல்ல பிள்ளை, ஆனால் பிடிக்கவில்லை

நன்றாகப் படிக்கிறாள், அம்மாவுக்கு உதவுகிறாள், அநியாயத்தைத் தட்டிக் கேட்கிறாள், தோற்பதும் மற்றவர்களால்தான். இப்படிப்பட்ட பிள்ளையைப் பள்ளி ஆண்டு விழாவில் மேடையேற்றலாம், முந்நூறு பக்கம் கூட நடக்க முடியாது. கதாநாயகியை வாசகர் விரும்ப வேண்டும் என்ற பயத்தில்தான் நாம் இதைச் செய்கிறோம். பெண் பிள்ளை என்பதால் இன்னும் கூடுதலாக. ஊர் அவளிடம் எதிர்பார்க்கும் நல்ல பேரை நாமும் எதிர்பார்க்கிறோம்.

முதல் மூன்று அத்தியாயத்துக்குள் அவள் ஒரு தப்பு செய்ய வேண்டும். தெரியாமல் நடந்த விபத்து கணக்கில் வராது. தெரிந்தே செய்த தப்பு, அதனால் அவள் நேசிக்கும் ஒருவருக்கு வலிக்க வேண்டும், அதற்கு அவளிடம் ஒரு காரணமும் இருக்க வேண்டும். அந்த 200 ரூபாயை மாரி நோட்டு வாங்க எடுத்தாள் என்று எழுதினால் மறுபடியும் நல்ல பிள்ளை ஆகிவிடுவாள். தோழிகள் எல்லோரும் போட்டோ எடுக்கப் போன அன்று தானும் ஒரு புது சுடிதாரில் நிற்க வேண்டும் என்று எடுத்தாள் என்றால்? அம்மாவுக்கு அந்தக் காசு எத்தனை மணி நேரம் என்பதும் அவளுக்குத் தெரியும் என்றால்? அங்கே எனக்கு அவளைப் பிடிக்கத் தொடங்குகிறது.

இதற்கு நேர் எதிரான மருந்தையும் பலர் கொடுக்கிறார்கள்: எதற்கும் பதிலடி கொடுக்கும் வாயாடி. வாய்த்துடுக்கு ஒரு காட்சிக்கு இனிக்கும். ஆனால் அவள் எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறாள் என்பதைக் காட்டினால்தான் அந்தத் துடுக்குக்கு விலை வரும். வகுப்பில் எல்லோரையும் வாயடைக்கிறவள் அண்ணன் கேட்டால் தலை குனிந்து "இல்லண்ணே" என்று நிறுத்திவிட்டால், அந்த ஒரு சொல்லுக்குள் முழு வீடும் இருக்கிறது.

அறிகுறி: எல்லாம் அவளுக்கு நடக்கிறது, அவள் எதையும் செய்வதில்லை

பிரதிகளில் நான் அதிகம் பார்ப்பதும், எனக்கு அதிகம் வலிப்பதும் இதுதான். மாரிக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். அவள் அழுகிறாள். பிறகு ஒரு நல்ல ஆசிரியர் வருகிறார், அல்லது நகரத்திலிருந்து ஒரு மாமா வருகிறார், நிறுத்திவிடுகிறார். கடைசியில் மாரி நன்றி சொல்கிறாள். தன் கதைக்குள்ளேயே அவள் விருந்தாளி.

சோதனை: ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவள் எடுத்த முடிவை ஒரு வரியில் எழுதுங்கள். "பயந்தாள்", "பார்த்தாள்" என்றெல்லாம் எழுதக் கூடாது. "மறைத்தாள்", "கேட்டாள்", "கிழித்தாள்" போல ஒரு செயல் வேண்டும். தொடர்ந்து இரண்டு அத்தியாயத்துக்கு வரி காலியாக இருந்தால் அங்கே கதை அவள் கையைவிட்டுப் போய்விட்டது.

சரிசெய்ய அவளை வீராங்கனை ஆக்க வேண்டாம். நடைமுறையை நெருங்கிப் பாருங்கள். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18 வயது நிறைய வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம் என்று அவள் பள்ளிச் சுவரிலேயே எழுதியிருக்கலாம். எண் தெரியும், ஆனால் போன் அண்ணன் கையில். கூப்பிட்டால் அதிகாரிகள் வீட்டுக்கு வருவார்கள், தெரு பார்க்கும், அம்மாவின் முகம் என்ன ஆகும்? கூப்பிட்டது யார் என்று அண்ணனுக்குத் தெரியாமல் இருக்குமா? இந்தக் கேள்விகளோடு அவள் மூன்று நாள் நடக்கட்டும். யார் போனைக் கேட்பாள்? பெட்டிக் கடையிலா, தோழியின் அம்மாவிடமா? கேட்கும்போது என்ன பொய் சொல்வாள்? ஆசிரியர் உதவட்டும், தப்பில்லை. ஆனால் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றது அவளாக இருக்க வேண்டும்.

அறிகுறி: இதயம் நொறுங்குகிறது, கண்கள் குளமாகின்றன

மறுபடியும் அந்தக் குறுந்தொகைப் பாட்டுக்கு வாருங்கள். தலைவி தன் துயரத்துக்குப் பெயரே வைக்கவில்லை. அன்று அங்கே ஒரு குருகு, நாரை போன்ற நீர்ப்பறவை, நின்றது என்கிறாள். தினைத்தாள் போல மெல்லிய பசுங்கால் அதற்கு. ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். சாட்சி என்று இருந்த ஒரே உயிரும் இரையைத்தான் பார்த்தது, எங்களைப் பார்க்கவில்லை. அந்தக் கால் இன்னும் அவள் கண்ணில் நிற்கிறது என்றால் அந்த நாளை எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள்!

உங்கள் பிரதியில் கண்ணீர் வரும் ஒவ்வொரு இடத்திலும் அவள் அந்த நேரத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கேளுங்கள். மாரியின் அம்மா காசை மூன்றாவது தடவை எண்ணும்போது, மாரி அடுப்பில் பால் விளிம்புவரை ஏறுவதைப் பார்க்கிறாள். இறக்க வேண்டும். எழுந்தால் அம்மா நிமிர்ந்து பார்ப்பாள். பால் பொங்கி வழிகிறது. அவள் அழுதாளா என்று எழுத வேண்டியதில்லை.

அறிகுறி: பேரை மாற்றினால் பையன் ஆகிவிடுவாள்

"மாரி" என்ற இடத்தில் "முத்து" என்று போட்டுப் பாருங்கள். எதுவும் உறுத்தவில்லை என்றால் அவளுக்கு உடம்பு இல்லை. இதற்காகக் கண்ணாடி முன் நிறுத்தி முடியையும் கண்ணையும் வர்ணிக்கத் தொடங்காதீர்கள். யாரும் தன் முகத்தை அப்படிப் பார்ப்பதில்லை. பருவைப் பார்ப்பாள், நேற்று வெட்டிய முன்முடி கோணலாக நிற்கிறதா என்று பார்ப்பாள், நகர்ந்துவிடுவாள்.

உடம்பு அவள் நாளை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். பள்ளிக் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் எத்தனை பேர்! சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது தண்ணீர் பாட்டில் கழுத்துவரை நிறைந்தே இருக்கும், அம்மா அதற்குத் திட்டுவாள். கூட்டமான பஸ்ஸில் ஏறியதும் முதுகுப் பையை முன்பக்கம் திருப்பிக்கொள்ளும் கை. பெஞ்சிலிருந்து எழும்போது பின்னால் இருப்பவளிடம் கண்ணாலேயே கேட்டு, அவள் ஒன்றும் இல்லை என்று தலையசைத்த பிறகு நடப்பது. இவற்றை விளக்காமல் போகிற போக்கில் எழுதுங்கள். படிக்கும் பெண் பிள்ளைக்குத் தெரியும். தெரியாத பையனும் தெரிந்துகொள்ளட்டும்.

இதில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். வீட்டில் கேட்க வெட்கமாக இருக்கிறது என்றால், அந்த வெட்கம் தாண்டாமல் இந்த நாவலை எழுத முடியாது என்றே சொல்வேன்.

அறிகுறி: வட்டார வழக்கில் எழுதினேன், படிக்க முடியவில்லை என்கிறார்கள்

முழு நாவலும் பேச்சு வழக்கிலேயே போனால் வாசகர் ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் உச்சரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். முழுக்க எழுத்து நடையில் போனால் மாரி செய்தி வாசிப்பாள். நான் சொல்லும் வழி: உரையாடல் பேச்சு வழக்கில் இருக்கட்டும். அவள் சொல்லும் கதை எளிய எழுத்து நடையில் இருக்கட்டும், ஆனால் வேறு சொல் போட முடியாத ஊர்ச் சொற்களை மாற்றாதீர்கள். "தீப்பெட்டி ஆபீஸ்" என்பதைத் தொழிற்சாலை ஆக்க வேண்டாம். "மதினி" அண்ணி ஆக வேண்டாம். தோழியை "ஏட்டி" என்று கூப்பிடுகிறவள் அடுத்த பக்கத்தில் "ஏய்" என்று கூப்பிடக் கூடாது.

அறிகுறி: வருடம் இடிக்கிறது

இது சின்ன வேலை, ஆனால் இளம் வாசகர்கள் இதில் இரக்கமே காட்டமாட்டார்கள். நீங்கள் 1200-க்குப் படித்தவராக இருக்கலாம். 2019 மார்ச்சில் பிளஸ் டூ எழுதியவர்களிலிருந்து மொத்தம் 600 மதிப்பெண்தான். அதற்கு முந்தின மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது, 2025-26 கல்வியாண்டிலிருந்து அது கிடையாது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஆக 2023-இல் நடக்கும் கதையில் டவுன் பஸ்ஸுக்குக் காசில்லாமல் மாரி தெருவில் நிற்க முடியாது. வெளியூர் பஸ் என்றால் நிற்கலாம். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் வருவது 2022 செப்டம்பரிலிருந்து. கல்லூரிக்கு அனுப்பமாட்டேன் என்று அண்ணன் சொல்லும் காட்சியில் அந்த ஆயிரத்தைப் பற்றி யாராவது ஒருவர் பேசியே ஆக வேண்டும்.

அறிகுறி: பையன் வந்ததும் அவள் காணாமல் போகிறாள்

அதுவரை கூர்மையாக இருந்த வாக்கியங்கள் அவன் வந்த அத்தியாயத்தில் குழைந்துவிடும். அவன் சட்டை, அவன் சிரிப்பு, அவன் பைக். காதல் வரட்டும், அந்த வயதில் வரத்தான் செய்யும். ஆனால் அவனைப் பார்க்கும் கண் மாரியின் கண்ணாகவே இருக்க வேண்டும். சம்பளக் கவரை எண்ணும் வீட்டில் வளர்ந்தவள், அவன் சில்லறை வாங்காமலேயே கடையைவிட்டு நகர்ந்ததைக் கவனிப்பாள். அது அவளுக்குப் பிடித்ததா, பயமாக இருந்ததா? அதை எழுதினால் அவளும் இருப்பாள், அவனும் இருப்பான்.

அறிகுறி: கடைசி அத்தியாயத்தில் பேச்சுப் போட்டி

முடிவில் அவள் நிமிர்ந்து நின்று, பெண்கள் இனி அஞ்சக் கூடாது என்று பேசுகிறாள். அதை எழுதும்போது உங்களுக்குக் கண் கலங்கியிருக்கும், எனக்குத் தெரியும். அதை ஒரு தனித் தாளில் பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள். அப்புறம் மேஜையில் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். மாரி இத்தனை பக்கமும் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்? அம்மாவிடம் என்றால், இன்னும் சொல்லாமல் வைத்திருப்பது அந்த 200 ரூபாய்தான். அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருக்கிறாள். மாரி துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்கிறாள். "அம்மா, அன்னைக்கு நீ எண்ணுனேல்ல" என்று தொடங்குகிறாள். அங்கே நிறுத்திப் பாருங்கள்.